கயிறு யார் கையில்?

“நம் கையில் என்ன இருக்கிறது? மேலே இருப்பவன் கயிற்றை இழுக்கிறான், நாம் ஆடுகிறோம்.” இச்சொற்களைக் கேளாத செவி தமிழ்நாட்டில் இராது. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டிலும் கேட்கின்றோம். பயிர் பொய்த்துப்போன உழவரின் திண்ணையிலும் கேட்கின்றோம். கையூட்டுப் பெற்றுப் பிடிபட்டவர் வாயிலும் கேட்கின்றோம். முதல் இருவர் ஆறுதல் வேண்டிச் சொல்கின்றனர். மூன்றாமவர் தப்பிக்கும் வழி வேண்டிச் சொல்கின்றார். சொல் ஒன்றே, அது செய்யும் வேலைதான் வேறு.

மனிதன் பொம்மையாக இருக்க இயலுமா? இருக்க இயலுமாயின் அவனுக்கு வினையும் இல்லை, வினைப்பயனும் இல்லை. இயலாதாயின், “நான் வெறும் பொம்மை” என்று அவன் சொல்லும்போது செய்வது என்ன? இவ்வினாவை நம் உள்ளத்தில் முதலில் எழுப்பியவர் முனிவரும் அல்லர், புலவரும் அல்லர். தெருத்தெருவாகச் சுற்றிய ஒரு ஜவ்வு மிட்டாய்க்காரர். அவரோடு எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி.

கழியின் உச்சியில் ஒரு பொம்மை

1970களின் பிற்பகுதி. நாம் வந்தவாசிப் பக்கத்துச் சிற்றூரில் பிறந்து, ஆசிரியர் பயிற்சி முடித்து, கணவரின் பணி மாறுதலால் நெடுந்தொலைவு சென்று, புதுக்கோட்டை மாவட்டத்துக் கடற்கரையூராகிய ஜெகதாப்பட்டினத்தில் குடியிருந்தோம். எதிரே பாக் நீரிணை, அதற்கப்பால் இலங்கை. அண்டையில் கோட்டைப்பட்டினம். கடலை நம்பி வாழும் மக்கள். நீரை வடிகட்டிக் குடித்து, கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்கும் நம் வழக்கம் அவர்களுக்கு வியப்பாக இருந்தது. வியந்தார்களே அன்றி எள்ளவில்லை. “டீச்சர் சாப்பிடுற நேரம், சத்தம் போடாதீங்க” என்று தம் பிள்ளைகளை அடக்குவர். அந்தப் பண்பை இன்றும் நன்றியுடன் நினைக்கின்றோம்.

அவ்வாறு நாம் உண்டு எழும் மாலை வேளைகளில்தான் அந்த மிட்டாய்க்காரர் தெருவுக்குள் வருவார். தோளில் நீண்ட மூங்கிற்கழி. கழியின் மேற்பகுதியில் இளஞ்சிவப்புச் சர்க்கரைப் பாகு சுற்றப்பட்டிருக்கும். அதற்கும் மேலே, உச்சியில், பாவாடை சட்டை அணிந்த ஒரு பொம்மை. அதன் இரு கைகளிலும் சிறு தாளங்கள். கழியோரமாக இறங்கும் கயிற்றை அவர் சுண்டச் சுண்டப் பொம்மை ‘சல், சல்’ என்று கைகொட்டும். பாகை இழுத்து நீட்டிக் கைக்கடிகாரமாகவும் மோதிரமாகவும் தேளாகவும் முறுக்கிப் பிள்ளைகளின் கையில் ஒட்டிவிடுவார். மீதியில் ஒரு துணுக்கைக் கன்னத்தில் ஒட்டுவார். அது கொசுறு.

அப்பொம்மையைச் செய்தவரும் அவரே. கல்யாண முருங்கை மரம் எடை குறைந்தது, செதுக்க எளியது, அதில் முகம். தோள்மூட்டில் சைக்கிள் சக்கரத்துக் கம்பித் துண்டு. கயிற்றை விட்டவுடன் கைகள் விரிந்து பழைய நிலைக்கு வருவதற்காக, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர்ப் பட்டை. மழைக்காலத்தில் பாகு இளகிவிடும். பிள்ளைகளும் வெளியே வாரார். அந்த மாதங்களில் வீட்டிலமர்ந்து பொம்மை செதுக்குவார். பிற மிட்டாய்க்காரர்கள் வந்து வாங்கிச் செல்வர். மழை விட்டதும் மீண்டும் கழியைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பார். திருவிழா எங்கோ அங்கே அவர். அவர்தம் வாழ்க்கை அவ்வளவுதான். அதனை அவர் குறைவாக எண்ணியதாகவும் தெரியவில்லை.

ஒருநாள் நம் வகுப்புச் சிறுமி ஒருத்தி அவரைக் கேட்டாள்: “தாத்தா, இவ்வளவு நேரம் கை தட்டுதே, பொம்மைக்குக் கை வலிக்காதா?”

அவர் சிரித்தார். “பொம்மைக்கு ஏதம்மா வலி? இழுக்கிற கைதான் வலிக்கும்” என்று சொல்லித் தம் விரலைக் காட்டினார். கயிறு பதிந்து பதிந்து விரலில் தழும்பு ஏறியிருந்தது. பின்னர் அச்சிறுமியின் கையிலேயே கயிற்றைக் கொடுத்து இழுக்கச் செய்தார். அவர் கயிற்றை யாரிடமும் மறைத்ததில்லை.

வலக்கை, இடக்கை

அந்நாளில் நாம் பணியாற்றிய பள்ளி அக்கடற்கரைப் பகுதியில் ஓர் ஊரில் இருந்தது. அதன் பெயர் இங்கு வேண்டுவதில்லை. இனிச் சொல்லப்போகும் குறை பள்ளியினுடையது அன்று, நம்முடையது.

ஆய்வாளர் வரும் நாள் நெருங்கியது. தலைமையாசிரியர் நம்மை அழைத்து, “பிள்ளைகளுக்கு ஒரு வழி சொல்லிக் கொடுங்கள். கேள்வி கேட்டதும் எல்லாரும் கை தூக்கட்டும். விடை தெரிந்தவர் வலக்கை, தெரியாதவர் இடக்கை. நீங்கள் வலக்கையைப் பார்த்து எழுப்புங்கள்” என்றார். ஆசிரியப் பணியிலிருந்தோர்க்கு இது புதுமையன்று. எங்கும் வழங்கிய தந்திரந்தான். நாம் தயங்கினோம்; ஆனால் மறுக்கவில்லை. மூன்று நாள் பயிற்சி கொடுத்தோம். ஆய்வு நாளன்று நாற்பது கைகள் ஒன்றாக எழுந்தன. நாம் வலக்கைகளை மட்டும் எழுப்பினோம். ஆய்வாளர் மகிழ்ந்தார், குறிப்பேட்டில் பாராட்டி எழுதினார், பிள்ளைகளைக் கைதட்டச் சொன்னார். எல்லாரும் தட்டினார்கள்.

அன்று மாலை, பொம்மைக்குக் கை வலிக்காதா என்று கேட்ட அதே சிறுமி நம்மோடு நடந்து வந்தாள். ஆய்வின்போது அவள் தூக்கியது இடக்கை. சற்றுத் தொலைவு பேசாமல் வந்தவள், “டீச்சர், நாங்களும் இன்னிக்கு மிட்டாய்க்காரத் தாத்தா பொம்மை மாதிரிதானே கை தட்டினோம்?” என்றாள். குறும்பு இல்லை, குற்றச்சாட்டும் இல்லை. ஒரு பொருத்தத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியே அவள் முகத்தில் இருந்தது. நமக்கு விடை எழவில்லை. “தலைமையாசிரியர் சொன்னார், நாம் செய்தோம், நாம் வெறும் பொம்மை” என்று உள்ளத்துள் ஒரு குரல் எழுந்தது. அக்குரலை அடையாளம் கண்டுகொள்ள நமக்கு நெடுங்காலம் ஆயிற்று.

காஞ்சித் தச்சர் இருவர்

பல்லாண்டுகட்குப் பின், ஓய்வுபெற்ற காலத்தில், ‘கதாசரித்சாகர’த்தில் ஒரு கதையைப் படித்தோம். குணாட்டியர் பைசாச மொழியில் இயற்றியதாகக் கூறப்படும் ‘பிருகத்கதை’ இன்று கிடைக்கவில்லை. அம்மூலத்தின் வழிவந்த கதையையே கொங்குவேளிர் ‘பெருங்கதை’யாகத் தமிழிற் பாடினார். காசுமீரத்துச் சோமதேவர் 11ஆம் நூற்றாண்டில் வடமொழியில் பாடியது கதாசரித்சாகரம். ஆகவே நம் உதயணன் மகன் நரவாணதத்தனே இக்கதைக்கும் தலைவன். இதில் வரும் இருவரோ நம் காஞ்சியைச் சேர்ந்தவர்.

பிராணதரன், இராச்சியதரன் என உடன்பிறந்த தச்சர் இருவர். மரத்தால் இயந்திரப் பாவைகள் செய்வதில் வல்லவர். மூத்தவன் பரத்தையர் வயப்பட்டுத் தந்தை தேடிய பொருளை எல்லாம் அழித்தான். தம்பி அன்பின் மிகுதியால் தன் பொருளிலிருந்தும் கொடுத்தான். அதுவும் தீர்ந்தது. அண்ணன் மரத்தால் இரண்டு அன்னங்கள் செய்தான். இரவில் கயிற்றால் இயக்கினால் அவை அரண்மனைக் கருவூலத்தின் பலகணி வழியே புகுந்து, மணிகளை அலகால் கவ்விக்கொண்டு திரும்பும். தம்பி தடுத்துப் பார்த்தான், அண்ணன் கேட்கவில்லை. பூட்டு உடையாமல் பொருள் குறைவதைக் கண்ட காவலர் இரவில் மறைந்திருந்து அன்னங்களைப் பிடித்தனர். இத்தகைய பொறியைச் செய்ய வல்லார் யார் என்று மன்னன் அறிவான். எனவே அண்ணன் தன் குடும்பத்துடன் வான ஊர்தியில் ஏறித் தப்பினான். தீங்கு செய்யாத தம்பிக்கும் தன் தீவினையின் பயன் நேர்ந்ததே என்று வருந்திக்கொண்டே சென்றான்.

தம்பி வேறோர் ஊர்தியில் தனியனாகப் புறப்பட்டான். கடற்கரை ஒன்றையடைந்து, ஊர்தியை விட்டு நடந்து, ஆளில்லாத ஒரு நகரத்தைக் கண்டான். அரண்மனை இருந்தது, ஆடை அணி இருந்தன, நினைத்த உணவும் கிடைத்தது. பேச மட்டும் ஒருவரும் இல்லை. தனிமை தாளாமல் மரத்தால் மாந்தரைச் செய்தான். வணிகரும் மகளிரும் காவலரும், யானையும் குதிரையும், எல்லாம் மரம். பின்னொரு நாள் நரவாணதத்தன் அங்கு வந்தபோது தெருவெங்கும் மக்கள் நடமாடக் கண்டான். ஆனால் ஒருவரும் பேசவில்லை. உள்ளே அரியணையில் ஒரே ஒரு மனிதன், மரப்பணிப்பெண்கள் சூழ அமர்ந்திருந்தான். அறிவில்லாப் பொருள்களை இயக்கிக்கொண்டு அவற்றின் நடுவே இருந்த அவனைப் புலன்களின் நடுவே இருந்து அவற்றை இயக்கும் உயிரோடு ஒப்பிடுகிறார் கவிஞர்.

இக்கதையைப் படித்து முடித்தபோது அச்சிறுமியின் கேள்வி மீண்டும் நம் செவியில் ஒலித்தது.

வினையில் யாருக்கு எவ்வளவு பங்கு?

மணியைக் கவர்ந்தது அன்னம். அன்னத்துக்கு வினை உண்டோ? இல்லை, அது உயிரல்லது. அதற்கு எண்ணமில்லை, எண்ணமில்லாத இடத்தில் வினை ஊற்றெடுக்காது. கயிற்றைப் பிடித்தவனுக்கு வினை உண்டோ? ஐயமின்றி உண்டு. ‘நான் கருவூலத்துக்குள் நுழையவே இல்லை, நுழைந்தது அன்னம்’ என்று அவன் வழக்காடினால் எந்த மன்றமும் ஏற்காது. மிட்டாய்க்காரப் பெரியவர் சொன்னதே சட்டம்: வலி பொம்மைக்கு அன்று, இழுக்கும் கைக்கே.

கடினமான வினா தம்பியைப் பற்றியது. அவன் திருடவில்லை, திருடச் சொல்லவில்லை, ‘வேண்டாம்’ என்றும் தடுத்தான். ஆயினும் கேட்டபோதெல்லாம் பொருள் கொடுத்து அண்ணனின் தீயொழுக்கத்தை வளர்த்தவன் அவன். நம் ஆசாரியர்கள் இத்தகைய இடங்களையெல்லாம் எண்ணிப் பார்த்தே மூன்று வகுத்தனர்: தான் செய்தல், பிறரைக் கொண்டு செய்வித்தல், செய்தாரை உடன்படுதல். இம்மூன்றையும் மனம், மொழி, மெய் என்னும் மூன்றோடும் உறழ ஒன்பது ஆகும். தம்பியின் மொழி மறுத்தது. அவன் கையோ கொடுத்தது. ஒன்பது வாயில்களில் ஒன்றை அடைத்தான். மற்றொன்றைத் திறந்தே வைத்தான். அன்பு அவனை மறைத்தது. ஆனால் அன்பு என்று நாம் அழைப்பது பல வேளைகளில் பற்றே அன்றி வேறில்லை என்பதை இல்லறத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை.

இதே கருத்தை ‘யசோதர காவியம்’ இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. தீக்கனவின் பயன் நீங்கத் தாய் சந்திரமதி உயிர்ப்பலி வேண்டினாள். யசோதரன் உயிர்க்கொலைக்கு அஞ்சி, மாவினால் செய்த கோழியைப் பலியிட்டான். மாக்கோழியும் ஒரு பொம்மைதானே? அதற்கு உயிரில்லை, வலியில்லை. ஆயினும் மகனும் தாயும் பிறவிதோறும் விலங்குகதியில் உழன்றனர். வெட்டுண்டது மாவு, ஆனால் வெட்டியவன் உள்ளத்தில் எழுந்தது கொலை எண்ணம். ‘தாய் சொன்னாள், செய்தேன்’ என்று மகன் கூறித் தப்ப இயலவில்லை. ‘நான் கத்தியைத் தொடவே இல்லை’ என்று தாயும் கூறித் தப்ப இயலவில்லை. செய்தவன், செய்வித்தவள் இருவர்க்கும் பயன் வந்தது. பொம்மைக்கு நேர்வது ஒன்றுமில்லை. பொம்மையைக் கொண்டு நாம் நமக்குச் செய்துகொள்வதே எல்லாம்.

கலையின் மீது குற்றமில்லை என்பதையும் இங்கே சொல்லவேண்டும். உச்சயினி மன்னன் வீரரை உள்ளே மறைத்த இயந்திர யானையை விடுத்து, யானையின்பால் காதல் கொண்ட உதயணனைச் சிறைப்பிடித்தான். அது மாயம். சச்சந்தன் செய்வித்த மயிற்பொறியோ, வலப்புறம் திருக எழுந்து, இடப்புறம் திருக இறங்கி, கருவுற்ற விசயையைப் பகைவரிடமிருந்து காத்தது, சீவகன் பிறந்தான். யானையைச் செய்தவர் கையிலும் மயிலைச் செய்தவர் கையிலும் இருந்தது ஒரே உளிதான். உளி ஒன்று; உள்ளம் இரண்டு.

கயிற்றுக்கு இரு முனை

இனி, ‘மேலே ஒருவன் கயிற்றை இழுக்கிறான்’ என்னும் கருத்துக்கு வருவோம். நம் நெறியில் அத்தகைய ஒருவன் இல்லை. அருகப் பெருமான் வழிகாட்டி, ஆட்டுவிப்பவர் அல்லர். உயிர்தான் செய்கின்றது, உயிர்தான் துய்க்கின்றது. ‘அப்படியானால் பழவினை கயிறாகி நம்மை ஆட்டவில்லையா?’ என்று சிலர் வினவுவர். பழவினை வந்து நிற்பது உண்மையே. வறுமையையோ நோயையோ பிரிவையோ கொண்டுவந்து நம் வாயிலில் வைக்கின்றது. ஆனால் அதனை வெகுளியோடு ஏற்பதா, பொறுமையோடு ஏற்பதா என்பது அந்த நொடியில் நாம் செய்யும் புதிய செயல். பொம்மைக்கு அந்த நொடி இல்லை. மனிதனுக்கு உண்டு. அந்த ஒரு நொடி எவ்வளவு சிறிதாயினும் அதில்தான் ஊற்றும் செறிப்பும் நிகழ்கின்றன.

ஜெகதாப்பட்டினத்தில், கடலுக்குச் சென்றவர் திரும்பாத வீடுகளில், பெண்கள் அதே சொல்லைச் சொல்லி அழக் கேட்டிருக்கின்றோம். அவர்களிடம் சென்று கயிறு இழுப்பவன் இல்லை என்று நாம் வாதிட்டதில்லை, வாதிடவும் மாட்டோம். துயரைத் தாங்குவதற்கு ஊன்றுகோலாக ஒருவர் பற்றிய சொல்லைப் பறிப்பதும் இம்சையே. நாம் மறுப்பது அச்சொல்லைக் குற்றத்துக்குத் திரையாக்குவதை மட்டுமே.

தமிழகத்துப் பொம்மலாட்டத்தைக் கண்டவர் ஒன்றைக் கவனித்திருப்பர். ஆட்டுவிப்பவர் தலையில் இரும்பு வளையம் ஒன்றை அணிந்திருப்பார். பொம்மையின் கயிறுகள் அவ்வளையத்தில் கட்டப்பட்டிருக்கும்; பொம்மையின் கைகளைக் கம்பிகளால் அவர் இயக்குவார். மரப்பொம்மைகள் எடை மிக்கவை. பொம்மை தலையசைக்க வேண்டுமாயின் அவர் தலையசைக்க வேண்டும். பொம்மை ஆட வேண்டுமாயின் அவரும் ஆட வேண்டும். கயிற்றுக்கு இரு முனை. ஒரு முனை பொம்மையைக் கட்டுகிறது. மறுமுனை ஆட்டுவிப்பவரைக் கட்டுகிறது. அது கலை, ஆட்டம் முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுவார். நாமோ மனைவி மக்களையும் மாணவரையும் பணியாளரையும் ஆட்டுவிக்கத் தலையில் ஏற்றிக்கொண்ட வளையத்தை உறங்கும்போதும் கழற்றுவதில்லை.

மர மாந்தர் நகரத்தை நினைக்கும்போது நமக்கு ஏற்படும் அச்சம் இதுவே. இராச்சியதரன் அரியணையில் அமர்ந்திருந்தான். அவனை மறுத்துப் பேச அந்நகரில் ஒருவரும் இல்லை. அதனாலேயே அவன் தனியன். ‘என் பிள்ளை நான் கிழித்த கோட்டைத் தாண்டமாட்டான்’ என்று பெருமை பேசும் பெற்றோரும், ‘என் வகுப்பில் ஊசி விழுந்தால் ஓசை கேட்கும்’ என்று பெருமை பேசிய நாமும், அறியாமலே அந்நகரத்துக்குக் கால்கோள் இட்டவர்கள். பிள்ளை எதிர்த்துக் கேட்கும் ஒரு கேள்வி, அவ்வீட்டில் உயிர் இருக்கின்றது என்பதற்குச் சான்று.

பெயரை எழுதிய பொம்மை

மேலைநாட்டிலும் பாவைகளைக் கொண்டு ஊரூராகச் சுற்றியவர் உண்டு. 1770இல் கெம்பெலன் என்பார் வியன்னா அரசவையில் சதுரங்கம் ஆடும் பொம்மை ஒன்றைக் காட்டினார். துருக்கியர் உடையணிந்த அப்பொம்மை பெரிய ஆட்டக்காரரையும் வென்றது. கெம்பெலனுக்குப் பின் மேல்ஸெல் என்பார் அதனை வாங்கி ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காட்டிப் பொருளீட்டினார். உண்மையில் பெட்டிக்குள் ஆட்டத்தில் வல்ல ஒரு மனிதர் ஒளிந்திருந்தார். மேல்ஸெல் 1838இல் கப்பலிலேயே இறந்தார். பொம்மை 1854இல் பிலடெல்பியா நகரில் தீக்கிரையாயிற்று. அங்கே பொறிக்குள் மனிதர் மறைந்திருந்தார். நம் வகுப்பிலோ நாற்பது மனிதப் பிள்ளைகளுக்குள் நாம் ஒரு பொறியை மறைத்து வைத்தோம். மாயம் என்னும் கஷாயம் இரண்டிலும் ஒன்றே.

அதே பிலடெல்பியாவில் மற்றொரு பொம்மையும் இருக்கின்றது. 1928இல் ஒரு குடும்பத்தார் தீயாற் பழுதுற்ற பழைய இயந்திரப் பாவை ஒன்றைப் பிராங்க்ளின் நிறுவனத்துக்கு அளித்தனர். அதைச் செய்தவர் மேல்ஸெல் என்றே அவர்கள் நம்பியிருந்தனர். வல்லுநர் அதனைச் செப்பனிட்டு முடுக்கியபோது, சிறுவன் வடிவினதாகிய அப்பாவை எழுதுகோல் பிடித்துப் படங்களையும் பாடல்களையும் தீட்டியது. முடிவில், தான் மையார்தேயின் பாவை என்று பிரெஞ்சு மொழியில் எழுதிக் காட்டியது! சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த மையார்தே மறைந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. உலகம் வேறொருவர் பெயரைச் சொன்னபோதும், செய்தவர் பெயர் பாவையின் உள்ளே பித்தளைத் தகடுகளில் உறங்கிக் கிடந்தது. காலம் வந்ததும் எழுந்தது. வினையும் அவ்வாறே. யார் மேல் பழி போட்டாலும், எத்தனை ஆண்டு கடந்தாலும், முதிரும் நாளில் அது செய்தவன் பெயரையே எழுதும்.

நம் பெயரும் ஓரிடத்தில் எழுதப்பட்டது. இடக்கை தூக்கிய அச்சிறுமியை ஆய்வின் பின்னரும் நாம் எழுப்பிக் கேட்கவில்லை. பாராட்டுப் பெற்ற வகுப்பல்லவா! எல்லார்க்கும் எல்லாம் தெரியும் என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். ஆண்டு முடிவில் தேர்ச்சி கொடுத்தோம். அடுத்த வகுப்பில்தான் அவளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கவும் வாராது என்று வெளிப்பட்டது. பிள்ளைகள் நகைத்தனர். அவள் பள்ளிக்கு வருவதை நிறுத்திக் கருவாடு உலர்த்தும் வேலைக்குச் சென்றாள். நாம் அவள் வீட்டுக்கு ஒருமுறை சென்றோம். தாய் அன்போடு உபசரித்தாள். ‘படிப்பு ஏறல டீச்சர், அவ தலையெழுத்து’ என்றாள். தலையெழுத்து அன்று, அது நம் கையெழுத்து. அதைச் சொல்ல அன்று நமக்கு நா எழவில்லை. சில திங்களில் மாறுதல் வந்தது, ஊரை விட்டோம்.

தலைமையாசிரியர் செய்வித்தார், நாம் செய்தோம், நாற்பது பிள்ளைகளைக் கொண்டு செய்வித்தோம், பாராட்டைக் கேட்டபோது உள்ளத்தால் உடன்பட்டோம். மூன்று வகையும் ஒரே நாளில் நிறைவேறின. ‘நாம் வெறும் பொம்மை’ என்று எண்ணிய அதே வேளையில் நாற்பது கயிறுகள் நம் கையில் இருந்தன. தன்னைப் பொம்மை என்பவன் பெரும்பாலும் வேறு யாரையோ ஆட்டிக்கொண்டுதான் இருக்கின்றான்.

இன்று இந்த வினா இன்னும் நெருக்கமாக வந்துவிட்டது. நம் வீடுகளில் ஒவ்வொருவர் கையிலும் கைபேசி இருக்கின்றது. யாரோ ஒருவரைப் பழித்து வந்த செய்தியை ஒரு விரலால் நூறு பேர்க்கு அனுப்பிவிட்டு, ‘நான் எழுதவில்லை, வந்தது, அனுப்பினேன்’ என்கின்றோம். விரலை அன்னமாக்கிவிட்டு அண்ணனைப் போலப் பேசுகின்றோம். எழுதினவர் செய்தார், அனுப்பினவர் செய்வித்தார், படித்து மகிழ்ந்தவர் உடன்பட்டார். மூவர்க்கும் பங்கு உண்டு.

தீர்வு என்ன? நம் முன்னோர் நாள்தோறும் செய்த பிரதிக்கிரமணம் இதற்காகவே. மாலையில் சற்றே அமர்ந்து, ‘இன்று நான் யாருடைய கயிற்றுக்கு ஆடினேன்? யாரைக் கயிறு கட்டி ஆட்டினேன்? யாருடைய ஆட்டத்தைக் கண்டு கைதட்டினேன்?’ என்று மூன்று வினாக்களைத் தம்மைத் தாமே கேட்டுக்கொண்டால் போதும். செய்தது அழியாது, ஆனால் செய்தவன் தன் பெயரை ஒப்புக்கொள்ளும்போது அவ்வினையின் பிசின் தளர்கின்றது. இக்கட்டுரையும் நம் ஆலோசனையே என்று வாசகர்கள் கொள்வார்களாக.

இப்போது மாலைதோறும் அண்டை வீட்டுப் பிள்ளைகள் நால்வர் நம்மிடம் படிக்க வருகின்றனர். அவர்களுக்கு நாம் வைத்திருக்கும் விதி ஒன்றே: தெரியாதவர் வலக்கையைத் தூக்கவேண்டும். ‘தெரியாது’ என்று உரக்கச் சொல்பவரையே முதலில் எழுப்புகின்றோம். சில நாள் நால்வரும் ஒருங்கே கை தூக்கி, ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கின்றனர். வீடு முழுவதும் ஒரே இரைச்சல்.

அந்த இரைச்சல் நமக்கு இனிதாக இருக்கின்றது.